நிலவேம்பின் கசப்பைப் பிரித்தெடுத்துச் சோதிப்பது எப்படி

டிசம்பர் பிறந்தால் போதும், எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கையில் ஒரு பாலிதீன் பையோடு லேப் வாசலில் நிற்பார்கள். பைக்குள் ஏதோ ஒரு பச்சை இலை வாடிக்கொண்டிருக்கும். "அண்ணா, இதுல ஆன்டிபாக்டீரியல் பார்க்கணும்" என்பார்கள். என்ன செடி என்று கேட்டால் பாட்டி சொன்ன பெயரைச் சொல்வார்கள், அதில் எந்தப் பொருளைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். மூன்று மாதம் கழித்து, கிருமி வளர்க்கும் பெட்ரி தட்டில் கிருமி வளராமல் விட்ட 14 மில்லிமீட்டர் வளையத்தைப் படமெடுத்து ஒட்டி, "இச்செடி நோய்க்கிருமிகளை அழிக்க வல்லது" என்று முடிவுரை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வளையம் இலையால் வந்ததா, இலையைக் கரைத்த திரவத்தால் வந்ததா என்று வைவா என்கிற வாய்மொழித் தேர்வில்கூட யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவராக நீங்கள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இது. பொதுவாக "மூலிகை" என்று பேசினால் காற்றில் வீடு கட்டியதாகிவிடும், அதனால் ஒரே ஒரு செடியை எடுத்துக்கொள்கிறேன். நிலவேம்பு. எங்கும் கிடைக்கும், விலை மலிவு, அதோடு அதன் முக்கியப் பொருளை 1911-லேயே பிரித்தெடுத்து ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். டெங்கு சமயத்தில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த குடிநீரில் நாக்கைச் சுருட்ட வைத்ததே ஒரு கசப்பு, பெரும்பாலும் அதுதான் இது. ஆக, நாம் துரத்துவது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அல்ல, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கசப்பு.

முதலில் செடி அதுதானா?

நாட்டு மருந்துக் கடைக்குப் போய் "நிலவேம்பு நூறு கிராம்" என்றால் தண்டும் காம்பும் தூசியுமாக ஒரு பொட்டலம் தருவார்கள். குடிநீர் போட அது ஆகலாம், ஆய்வுக்கு ஆகாது. எந்த ஊரில், எந்த மாதம் பறித்தது, எவ்வளவு நாள் மூட்டையில் கிடந்தது, எதுவும் தெரியாது. பெயர்க் குழப்பம் வேறு. சில ஊர்களில் சிறியாநங்கை என்றாலும் நிலவேம்புதான், வேறு சில ஊர்களில் அந்தப் பெயர் வேறொரு செடிக்குப் போய்விடும். வடக்கே போனால் இமயமலைப் பக்கம் விளையும் சிரத்தைக்கு மாற்றாக இதையே விற்பதும் உண்டு. கீழாநெல்லி கதை இன்னும் மோசம். பழைய நூல்களில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று ஒரே பெயரில் போட்டிருப்பார்கள், ஆனால் நம் வயல் வரப்பில் வளர்வது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ், அதன் பக்கத்திலேயே அதே முகத்தோடு இரண்டு மூன்று தம்பிகள் நிற்கும்.

அதனால் செடியை நீங்களே பறியுங்கள், பூவோடு பறியுங்கள். நிலவேம்பு என்றால் தண்டு உருண்டையாக இருக்காது, விரல்களுக்கு இடையில் வைத்து உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக, ஈட்டி முனை மாதிரி இருக்கும். பூ சின்னது, வெள்ளை, உதட்டில் ஊதாத் தீற்றல். ஒரு கிளையை செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, 42-க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில் தைத்து, இடம், தேதி, பறித்தவர் பெயர் எழுதி ஹெர்பேரியத்தில் (உலர்தாவரத் தொகுப்பில்) வைக்கும் மாதிரியாகச் செய்துவிடுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது, திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கே காட்டி அடையாளம் உறுதி செய்து ஓர் எண் வாங்கிவிட்டால் அப்புறம் உங்கள் செடியைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. இதைக் கடைசி மாதத்தில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் அதிகம். கடைசி மாதத்தில் செடியில் பூ இருக்காது.

காட்டுச் செடி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். மலைவாழ் மக்கள் சொன்ன தகவலை வைத்து வேலை செய்கிறீர்கள் என்றால் அதற்கும் சட்டம் இருக்கிறது, தேசிய பல்லுயிர் ஆணையம் நம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. அகத்தியமலைக் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து கேரளத்துப் பாலோடு தாவரவியல் பூங்காக்காரர்கள் மருந்து செய்தபோது, வந்த பணத்தில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கினார்கள். நம் ஊர் ஆய்வேடுகளிலோ அவர்களுக்கு "நன்றி" என்ற ஒரு வரிகூட இருப்பதில்லை.

காயவைப்பது, பொடிப்பது

பறிக்கும் நேரம் முக்கியம். பூக்கத் தொடங்கும் சமயத்தில், அதாவது நட்டு மூன்று நான்கு மாதம் ஆகும்போது, இலையில் கசப்பு உச்சத்தில் இருக்கும். தண்டில் அதில் சிறு பங்குதான், எனவே இலையைத் தனியே உருவிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு, வாலை வடிநீரில் ஒரு அலசு, பிறகு நிழலில் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் நடுவில் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்த இலையில் நீங்கள் காணும் "கிருமிநாசினி" பூஞ்சையினுடையதாகவும் இருக்கலாம். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அவசரமென்றால் லேப் ஓவனில் 40 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம். இலையை மடக்கினால் வளையாமல் அப்பளம் மாதிரி 'படக்'கென்று உடைய வேண்டும், அதுதான் பதம்.

பச்சை இலையில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ பறித்தால் இருநூறு கிராம் பொடி கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். மிக்சியில் அரைக்கும்போது விட்டுவிட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் ஜாடி சூடாகும். கசப்புப் பொடி மூக்கில் ஏறினால் அன்று முழுக்கக் காபிகூட ருசிக்காது, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு மிக்சியில் மட்டும் அரைத்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை அரைத்துவிட்டு, எத்தனை தடவை கழுவியும் ஒரு வாரம் சட்னி கசந்து, அம்மாவிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பொடியைச் சலித்து, பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி, தேதி எழுதி வையுங்கள்.

எந்தத் திரவத்தில் எடுப்பது?

கரைப்பான் என்பது சாவி மாதிரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பூட்டைத்தான் திறக்கும். ஹெக்சேன் கொழுப்பையும் மெழுகையும் இழுக்கும். குளோரோஃபார்ம், எத்தில் அசிடேட் இரண்டும் நடுத்தரம். மெத்தனால், எத்தனால், தண்ணீர் என்று போகப்போக சர்க்கரை ஒட்டியவை, டானின், உப்பு எல்லாம் வரும். ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆனால் கஷாயம் அப்படிக் கசக்கிறதே என்றால், மிகக் கொஞ்சம் கரைந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். மெத்தனாலில் நன்றாகக் கரையும், அதனால்தான் எல்லோரும் மெத்தனாலுக்குப் போகிறார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனாலால்தான். கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். லேபில் மெத்தனால் பாட்டிலைப் பூட்டி வையுங்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்று பதிவேட்டில் எழுதுங்கள், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்குள்தான் ஊற்ற வேண்டும். கசப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று சொன்னேன் அல்லவா, அது இலைவரைதான். கரைப்பான் பட்ட எதையும் நாக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் இந்தக் கட்டுரையில் காயவைப்பது வரைக்கும் செய்யலாம், அதற்கு மேல் லேப் வேண்டும்.

எளிய முறை ஊறவைப்பது. 50 கிராம் பொடி, 500 மில்லி மெத்தனால், மூடி போட்ட கோனிக்கல் ஃபிளாஸ்க்கில் மூன்று நாள், இடையிடையே குலுக்கல். மஸ்லின் துணியில் வடித்து, பிறகு வாட்மேன் ஒன்றாம் எண் தாளில் வடிகட்டுங்கள். சக்கையை எறிந்துவிடாதீர்கள், அதில் இன்னும் இருக்கிறது. புதுக் கரைப்பான் ஊற்றி இன்னும் இரண்டு தடவை.

சாக்ஸ்லெட் (கரைப்பானைக் கொதிக்கவைத்து, குளிர்ந்த திரவத்தைப் பொடிமேல் திரும்பத் திரும்ப விட்டு, சைஃபன் குழாய் வழியாக இறக்கும் கண்ணாடிக் கருவி) என்றால் அதே வேலை ஒரே நாளில் முடியும். பொடியைத் திம்பிள் என்கிற தடித்த காகிதக் குழாயில் முக்கால் அளவு நிரப்பி மேலே கொஞ்சம் பஞ்சு வையுங்கள். சைஃபன் குழாயின் உயரத்தைத் தாண்டிப் பொடி நிரப்பினால் மேல்பகுதி நனையாமலேயே கிடக்கும், இது அடிக்கடி நடக்கிற தவறு. அடி ஃபிளாஸ்க்கில் இரண்டு மூன்று பீங்கான் துண்டு போடுங்கள், இல்லாவிட்டால் கொதி திடீரெனப் பொங்கும். நெருப்பு கூடாது, மின்சார ஹீட்டிங் மேன்டில்தான். முதல் சைஃபன் இறங்கும்போது திரவம் கரும்பச்சையாக, எண்ணெய் மாதிரி இறங்கும், ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு வெளிர் பச்சையாகும், பதினைந்து இருபது சுற்றில் சைஃபன் குழாயில் நிறமே இருக்காது. அதுதான் நிறுத்தும் நேரம், கடிகாரம் பார்த்து நிறுத்தக் கூடாது. ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சருக்குத் தண்ணீர் ஓடுகிறதா என்று அரை மணிக்கு ஒரு தடவை பாருங்கள், நம் ஊர் மேல்நிலைத் தொட்டி எப்போது காலியாகும் என்று யாருக்குத் தெரியும்.

முதலில் ஹெக்சேனில் ஒரு சுற்று ஓட்டிக் கொழுப்பை எடுத்துவிட்டு, பொடியைக் காயவைத்து, பிறகு மெத்தனாலில் ஓட்டினால் பின்னால் வரும் வேலை பாதியாகக் குறையும். நேரமில்லை என்று இதைத் தவிர்ப்பவர்கள் எல்லோரும் பிறகு பச்சையத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

சூடு எல்லாச் செடிக்கும் ஒத்துவராது. சீனாவில் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, பழைய ஏடு ஒன்றில் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருந்ததைக் கவனித்தார், காய்ச்சச் சொல்லவில்லை. காய்ச்சியதில்தான் குணம் போய்விடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈத்தரில் எடுத்தார். 1971-ல் அது பலித்தது, 2015-ல் நோபல் பரிசு. உங்கள் செடியைப் பற்றிப் பழைய குறிப்பு இருந்தால் அது கஷாயமா, ஊறலா, சாறா, சூரணமா என்று பாருங்கள். அதுவும் தகவல்தான்.

கரைப்பானை ஆவியாக்கி ஓட்டுவதற்கு ரோட்டரி எவாப்பரேட்டர், 40 முதல் 45 டிகிரி. அது இல்லாத லேபில் வாட்டர் பாத். அடியில் கரும்பச்சைப் பிசின் ஒன்று மிஞ்சும், அதுதான் சாறு. இப்போது எடை. காலி பீக்கரை முன்கூட்டியே எடை போட்டீர்களா? பத்துப் பேரில் நான்கு பேர் போட்டிருக்க மாட்டார்கள். நானும் ஒரு காலத்தில் அந்த நான்கு பேரில் ஒருவன், பிசினைச் சுரண்டி எடுத்து வேறு பீக்கருக்கு மாற்றி அரை கிராம் ஒட்டிக்கொண்டே போன அனுபவம் உண்டு. காலி பீக்கர் 48.32 கிராம், பிசினோடு 53.87 கிராம் என்றால் சாறு 5.55 கிராம், 50 கிராம் பொடிக்கு 11.1 சதவீதம். எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி எடுத்த எண்ணைத்தான் எழுத வேண்டும், உள்ளே மெத்தனால் மிச்சம் இருந்தால் சதவீதமும் பொய், பின்னால் வரும் கிருமிச் சோதனையும் பொய். சாறை ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வையுங்கள்.

நிறம் மாறினால் நம்பலாமா?

கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் ரத்தச் சிவப்பாகும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரம் பட்டதும் நிறம் மாறுவதுதான் அது. ஆக நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்துவந்த வேதியியல் சோதனை அது, அவர்கள் ரெக்கார்டு நோட் எழுதவில்லை, அவ்வளவுதான். லேபில் செய்யும் முதல்நிலைச் சோதனைகளும் இதே ரகம், சாறில் எந்தெந்த வகைச் செடிப்பொருள் இருக்கிறது என்று பார்ப்பவை. ஃபெர்ரிக் குளோரைடு விட்டால் கரும்பச்சை அல்லது கருநீலம், ஃபீனால் வகை இருக்கிறது. மெக்னீசியமும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து இளஞ்சிவப்பு வந்தால் ஃபிளேவனாய்டு. குளோரோஃபார்மில் கரைத்து அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக மெல்ல விட்டு நடுவில் செம்பழுப்பு வளையம் வந்தால் டெர்பீனாய்டு அல்லது ஸ்டீராய்டு. ஆல்கலாய்டுக்கு மேயர், டிராகெண்டார்ஃப், வாக்னர் என்று மூன்று கரணிகள், அதாவது சோதனைத் திரவங்கள். மேயரில் பாதரசம் இருக்கிறது, சிங்க்கில் ஊற்றாதீர்கள், தனிப் பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.

சிக்கல் என்னவென்றால் இவை எல்லாமே ஏமாற்றும். கரும்பச்சைச் சாறில் "கரும்பச்சை நிறம் தோன்றியது" என்று எழுதினால் அது ஃபெர்ரிக் குளோரைடு செய்ததா, பச்சையமா? குலுக்கினால் நுரை வந்தது, சபோனின் இருக்கிறது என்று ஒரு பெண் குதித்தாள். வெறும் தண்ணீரை அதே டெஸ்ட் டியூபில் ஊற்றிக் குலுக்கச் சொன்னேன். அதிலும் நுரை. டியூபைச் சோப்பு போட்டுக் கழுவியவர் சரியாக அலசவில்லை. மறுபக்கமும் உண்டு, கஃபீன் சாட்சாத் ஆல்கலாய்டுதான், ஆனால் மேயருக்கு அது வீழ்படிவு தராது. மேயரை மட்டும் நம்பியிருந்தால் காபிக்கொட்டையிலேயே கஃபீனைக் கோட்டை விட்டிருப்போம்.

எனவே ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று டியூப் வையுங்கள். ஒன்றில் உங்கள் சாறு. ஒன்றில் வெறும் கரைப்பான். மூன்றாவதில், கட்டாயம் பலன் தரும் என்று தெரிந்த ஒன்று. டானினுக்குத் தேயிலை டிகாக்ஷன், சபோனினுக்குப் பூந்திக்கொட்டை, ஆல்கலாய்டுக்கு நித்தியகல்யாணி இலை, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பவைதான். மூன்றாவது டியூபில் பலன் வரவில்லை என்றால் உங்கள் கரணி கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், செடிமேல் பழி போடாதீர்கள். நிலவேம்புக்கு என்று தனியாக ஒன்று செய்யலாம்: கெட்டே கரணி. ஆண்ட்ரோகிராஃபோலைடின் மூலக்கூறில் இருக்கும் லாக்டோன் என்ற அணு வளையத்தோடு அது காரச் சூழலில் சேர்ந்து ஊதா நிறம் காட்டும். எல்லாரும் செய்யும் பத்துச் சோதனையைவிட இந்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் இது நாம் தேடும் பொருளின் உடம்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கிறது.

மொத்த ஃபீனால் அளவுக்கு ஃபோலின் முறை, காலிக் அமிலம் ஸ்டாண்டர்ட், 765 நானோமீட்டர், எல்லா லேப் மேனுவலிலும் இருக்கிறது. ஆன்டிஆக்சிடன்ட் திறனைப் பார்க்கப் பயன்படும் ஊதா நிறப் பொருளான டி.பி.பி.எச். பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஊதா நிறம் மங்குவதை 517 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிறோம். கண்ட்ரோல், அதாவது சாறு சேர்க்காதது 0.820, சாறு சேர்த்தது 0.310 என்றால் 62 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் சாறின் சொந்த நிறமே அதில் 0.060 இருந்தால்? அதைக் கழித்தால் கிட்டத்தட்ட 70 சதவீதம். இங்கே கழித்ததால் உங்களுக்கு லாபம், சில சமயம் டி.பி.பி.எச். இல்லாமலே சாறு மட்டும் கலங்கி எல்லாவற்றையும் குழப்பும். சாறு மட்டும் உள்ள ஒரு கியூவெட்டை (அளவுக் குழாயை) அளக்க ஐந்து நிமிடம் ஆகுமா? பக்கத்தில் வைட்டமின் சி-யும் ஓட்டி, அது எத்தனை மைக்ரோகிராமில் பாதியைக் குறைக்கிறது, உங்கள் சாறு எத்தனையில் என்று இரண்டையும் எழுதுங்கள். ஐந்துக்குப் பக்கத்தில் இருநூறு நின்றால் "மிகச் சிறந்த" என்ற சொல் தானாக உதிர்ந்துவிடும்.

டி.எல்.சி. தட்டில் கசப்பைப் பார்ப்பது

எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்த கட்டம் இது. டி.எல்.சி. என்றால் மெல்லிய பூச்சுள்ள தட்டில் கரைப்பானை ஏறவிட்டுப் பொருள்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. சிலிக்கா பூசிய அலுமினியத் தட்டு, அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் பென்சில் கோடு. பேனாவால் கோடு போட்டால் மையும் சேர்ந்து மேலே ஏறி, உங்கள் செடியில் ரெனால்ட்ஸ் நீலம் இருப்பதாகக் கண்டுபிடிப்பீர்கள். கேப்பிலரியால் சாறை ஒரு புள்ளி, பக்கத்தில் விலைக்கு வாங்கிய ஆண்ட்ரோகிராஃபோலைடு ஒரு புள்ளி, நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு புள்ளி. புள்ளி இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தொட்டு, காயவிட்டு, மறுபடி தொடுங்கள். ஆசைப்பட்டு அதிகம் வைத்தால் நீளமாக வால் இழுக்கும்.

குளோரோஃபார்மும் மெத்தனாலும் 9-க்கு 1, இதில் ஆரம்பியுங்கள். புள்ளி அடியிலேயே உட்கார்ந்தால் மெத்தனாலைக் கூட்டுங்கள், உச்சிக்கு ஓடினால் குறையுங்கள். தொட்டிக்குள் ஒரு ஃபில்டர் பேப்பரைச் சாய்த்து மூடி இருபது நிமிடம் ஆவி நிரம்பவிட்டு, அப்புறம்தான் தட்டை இறக்க வேண்டும். கரைப்பான் மேலே ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போதே எடுத்து, எங்கே நின்றது என்று உடனே பென்சிலால் கோடு போடுங்கள், பத்து வினாடியில் காய்ந்து மறைந்துவிடும். கரைப்பான் ஏறியது ஏழு சென்டிமீட்டர், புள்ளி ஏறியது மூன்றரை என்றால், இரண்டாவதை முதலாவதால் வகுத்து வரும் ஆர்.எஃப். 0.5. இந்த எண்ணைப் பிறர் கட்டுரையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பெயர் சூட்டுவது தவறு. ஈரப்பதம், தட்டு, தொட்டி மாறினாலே எண் மாறும். உங்கள் தட்டிலேயே பக்கத்தில் ஓடிய ஸ்டாண்டர்டுதான் சாட்சி. 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் தட்டு பச்சையாக ஒளிரும், நம் பொருள் இருக்கும் இடம் மட்டும் கறுத்துத் தெரியும். நடுப் புள்ளியில் இரண்டும் பிரியாமல் ஒரே பொட்டாக ஏறியிருந்தால் ஆள் கிடைத்தாயிற்று, ஓரளவுக்கு. உறுதிக்கு, பொருள்களை இன்னும் துல்லியமாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி வேண்டும், உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டித்தரும் இடங்கள் இருக்கின்றன.

இன்னும் ஒரு படி போக விரும்புபவர்களுக்கு: படிகமாகவே எடுத்துவிடலாம். கொழுப்பு எடுத்த பொடியின் மெத்தனால் சாறை டொலுயீனால் சில தடவை கழுவினால் பச்சை பெருமளவு போய்விடும், ஆண்ட்ரோகிராஃபோலைடு அதில் கரையாமல் அடியில் நிற்கும். மிச்சத்தைக் கொஞ்சமே கொஞ்சம் சூடான மெத்தனாலில் கரைத்து, தேவைப்பட்டால் ஒரு சிட்டிகை கரித்தூள் போட்டுச் சூடாகவே வடித்து, மூடி, அசையாமல் வையுங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மறுநாள் காலை ஃபிளாஸ்க்கின் சுவரோரம் நிறமற்ற சிறு தகடுகள் மினுக்கும். நேற்றுவரை தார் மாதிரி இருந்ததிலிருந்து இது வந்ததா என்று இருக்கும். நல்ல இலை நூறு கிராமில் மொத்தமே ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும், கைக்கு வருவது அதைவிடக் குறைவு. உருகுநிலை பாருங்கள், 230 டிகிரிக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்குள் சட்டென்று உருகினால் சுத்தம், முன்னதாகவே இளகி இழுத்தால் மறுபடி படிகமாக்க வேண்டும். காரம் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், லாக்டோன் வளையம் திறந்துகொண்டு வேறு பொருளாகிவிடும்.

இப்போது அந்த 14 மில்லிமீட்டர்

கிருமி வளர்ப்பதை வீட்டிலோ விடுதி அறையிலோ செய்யாதீர்கள். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து எண்ணிட்ட கல்ச்சர் (வளர்ப்புக் கிருமி) வாங்குங்கள், "ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்தது" என்பதை விட அது பாதுகாப்பு, பிறர் திரும்பச் செய்து பார்க்கவும் முடியும். கிருமி வளர முல்லர் ஹின்டன் அகர் என்ற கெட்டிக்கூழ், நான்கு மில்லிமீட்டர் கனம். கிருமிக் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் அளவு, அதாவது மில்லிக்கு ஏறத்தாழ 15 கோடி. ஸ்வாபால் மூன்று திசையில் தடவி, 6 மில்லிமீட்டர் குழி. குழிகளில் உங்கள் சாறு இரண்டு மூன்று அளவுகளில், ஒன்றில் ஸ்டாண்டர்ட் ஆன்டிபயாட்டிக், ஒன்றில் சாறைக் கரைக்கப் பயன்படுத்திய டி.எம்.எஸ்.ஓ. மட்டும், அதே செறிவில், அதே அளவில். இந்தக் கடைசிக் குழிதான் பலருடைய ப்ராஜெக்டில் காணாமல் போவது. ஒரு பையன் சுத்த டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து 14 மில்லிமீட்டர் வாங்கினான், வெறும் டி.எம்.எஸ்.ஓ. குழியைச் சேர்த்து மறுபடி போடச் சொன்னேன், அதைச் சுற்றி 12. பத்து சதவீதத்துக்கு நீர்த்துச் செய்தபோது இரண்டுமே காணோம். அவன் முகம் வாடிப்போனது, ஆனால் உண்மையான முடிவு அதுதான், அதைத்தான் எழுதினான்.

நிலவேம்பில் வளையம் வராவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். ஆண்ட்ரோகிராஃபோலைடு கிருமியை நேரடியாகக் கொல்வதில் பெரிய சூரன் இல்லை, அதன்மேல் நடந்த வேலைகள் பலவும் அழற்சியைக் குறைப்பது பற்றியவை. தவறான தேர்வறையில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளை ஃபெயில் என்கிறோம். தண்ணீரில் கரையாத பொருள் அகருக்குள் பரவாது என்பதும் ஒரு காரணம், வளையம் சிறிதாக இருப்பதற்கும் வீரியம் குறைவாக இருப்பதற்கும் நேர்த்தொடர்பு கிடையாது. அதனால் 96 குழித் தட்டில் 1000, 500, 250 என்று பாதி பாதியாக மைக்ரோகிராம் இறக்கி, ரெசாசுரின் என்ற சாயம் விட்டுப் பாருங்கள். உயிரோடிருக்கும் குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும், நீலமாகவே நிற்கும் கடைசிக் குழி உங்கள் விடை. மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் முழுச் சாறுக்கு அது கவனிக்கத்தக்கது. ஐந்து, பத்து மில்லிகிராமில்தான் வேலை செய்கிறது என்றால், அந்த அளவில் ரசப்பொடிகூட ஏதாவது செய்யும். எல்லாவற்றையும் மூன்று முறை செய்யுங்கள், முடிந்த தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள்.

நச்சுத்தன்மை பார்க்க எலி தேவையில்லை. சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஆர்டீமியா என்ற சிறு உப்புநீர் உயிரியின் முட்டை கேளுங்கள், மீன்குஞ்சுத் தீனிக்கு விற்பார்கள். லிட்டருக்கு 38 கிராம் கடல் உப்பு, காற்று, விளக்கு, ஒன்றிரண்டு நாளில் பொரித்து வெளிச்சத்தை நோக்கி நீந்தும். குழாய்க்குப் பத்துக் குஞ்சு விட்டு, 24 மணி நேரம் கழித்து லென்ஸ் வைத்து எண்ணுங்கள். பாதி சாகும் அளவு மில்லிக்கு 1000 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சாறில் ஏதோ வீரியம் இருக்கிறது என்று கொள்வது வழக்கம். அது நல்லதா கெட்டதா என்று இந்தச் சோதனை சொல்லாது. இங்கேயும் கரைப்பான் மட்டும் விட்ட குழாய் வேண்டும் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை.

எழுதும்போது "நிலவேம்பு நோயைக் குணப்படுத்தும்" என்று எழுதாதீர்கள். எந்த ஊர் இலை, ஹெர்பேரியம் எண் என்ன, எந்தக் கரைப்பான், எத்தனை சதவீதம் சாறு, எந்த எண்ணுள்ள கிருமி, எத்தனை மைக்ரோகிராம், கண்ட்ரோலில் என்ன வந்தது, அவ்வளவுதான் உங்கள் கையில் இருப்பது. கர்ப்பிணிகள் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லப்படுகிற நிலையில், ஒரு பெட்ரி தட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு "நாங்களே லேபில் பார்த்தோம்" என்று பரப்பினால் யார் வீட்டில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

ஃபிரிட்ஜில் மிச்சமிருக்கும் சாறு பாட்டிலில் செடி, தேதி, கரைப்பான், உங்கள் பெயர் எல்லாம் எழுதி, கீழே சிவப்பில் "மெத்தனால் சாறு – குடிக்கக் கூடாது" என்று ஒட்டுங்கள். லேபைக் கூட்ட வரும் அக்கா, தனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், "நிலவேம்புதானே தம்பி, கொஞ்சம் குடுங்க" என்று கேட்டார், இது எங்கள் லேபில் நடந்தது.